சீசன் இல்லாத காலைகள்

எனக்குப் பெண் பேசியபோது தரகர் என் மாமனாரிடம் சொன்னது ஒரே வரிதான். பையன் கவர்மெண்ட் வேலையில் இருக்கிறான். பொய் இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் நான் பில் கிளார்க். விவசாயிகள் கொண்டுவந்து கொட்டும் நெல்லை அரசாங்கம் வாங்குகிற இடம் அது. ஈரப்பதம் பார்ப்பது, எடை போடுவது, ரசீது கொடுப்பது, வாங்கிய மூட்டைகளை லாரி வந்து ஏற்றிப் போகும்வரை பாதுகாப்பது, எல்லாம் கிளார்க்கின் பொறுப்பு. தரகர் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்த வேலை அறுவடை நடக்கும் வாரங்களுக்கு மட்டும்தான். குறுவைக்குக் கொஞ்ச நாள், சம்பாவுக்குக் கொஞ்ச நாள். நடுவில் நான் யாரோ, அரசாங்கம் யாரோ.

கல்யாணமான வருடம் சம்பா அறுவடை முடிந்து நிலையத்தை மூடினோம். நான் வீட்டில் இருந்தேன். என் மனைவி சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, லீவு எத்தனை நாள் என்று கேட்டாள். அடுத்த அறுவடை வரைக்கும் என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்தபிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள். பிறந்த வீட்டுக்குப் போய் அழவில்லை, என்னிடம் சண்டைக்கும் வரவில்லை. சீரோடு வந்து மூலையில் துணி மூடிக் கிடந்த தையல் மெஷினை வாசல் அறைக்கு இழுத்துப் போட்டாள். அந்த வாரமே பக்கத்து வீட்டு ரவிக்கை ஒன்று அதில் ஏறியது.

எங்கள் ஊர் தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. புது ஆற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் அதிகாரி. அறுவடைக் காலத்தில் டீக்கடையில் நான் போனால் எழுந்து இடம் கொடுப்பார்கள். சீசன் முடிந்ததும் அதே பெஞ்சில் ஆட்கள் அசையமாட்டார்கள். இன்றைக்கு நிரந்தரமாகும், நாளைக்கு நிரந்தரமாகும் என்று வருடா வருடம் பேச்சு வரும். மனு கொடுத்தோம். கலெக்டர் ஆபீஸ் எதிரே வெயிலில் உட்கார்ந்து கோஷம் போட்டோம். கோஷம் போட்ட களைப்பில் பழைய பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு சர்பத் குடித்துவிட்டு அவரவர் ஊருக்குப் பஸ் ஏறினோம்.

நடு மாதங்களில் உரக்கடையில் நின்றிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் சாப்பாடு பரிமாறியிருக்கிறேன். ஒருமுறை பந்தியில் உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "சார், நீங்களா?" என்று அன்பாகத்தான் கேட்டார். சாம்பார் வாளியோடு அப்படியே பின்கட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வரவில்லை. அந்த வரிசைக்கு அன்றைக்கு யார் சாம்பார் ஊற்றினார்களோ தெரியாது. எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். சீசன் வேலைக்காரனுக்கு அது ஆகாது என்று தெரியும், தெரிந்து என்ன பயன்.

போன குறுவைக்கு எனக்கு ஆர்டர் வரவில்லை. தஞ்சாவூர் ஆபீசுக்குப் போய் நின்றேன். நிலையங்கள் குறைவு, ஆட்கள் அதிகம், பட்டம் படித்தவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், சம்பாவுக்குப் பார்க்கலாம் என்றார்கள். சம்பாவுக்கும் வரவில்லை. பக்கத்து ஊர்க் களத்தில் நான் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்த நிலையத்துக்கு வேறொருவரைப் போட்டிருந்தார்கள். ஆபீசில் எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல மனிதர், வெளியே வந்து தனியாகப் பேசினார். எந்த நிலையத்திலாவது நெல் நனைந்தது, குறைந்தது என்று பிரச்சினை வந்து ஆளை எடுத்தால் முதல் போன் எனக்குத்தான் என்றார். அதை ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் ஆறுதலாகத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு நான் கட்டிலில் படுத்தேன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. எழுந்து எதற்கு என்று தோன்றியது, அவ்வளவுதான். விடியற்காலையில் வழக்கப்படி விழிப்பு வந்துவிடும். சீசனில் அந்த நேரத்துக்குக் களத்தில் இருப்பேன். இப்போது விழித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்ப்பேன். தூரத்து வயலில் அறுவடை மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொள்வேன். போன் மட்டும் சட்டைப் பையில் இருக்கும். குளிக்கப் போனாலும் பாத்ரூம் ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன், அதுவும் குளித்த நாட்களில். சில நாள் காலைகளில், நான் இல்லாமல் போனால் இந்த வீட்டில் என்ன குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

என் மனைவி எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதற்கு நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் டீயை வைப்பாள். ஆறிப் போனால் எடுத்துக்கொண்டு போய்ச் சுட வைத்து மறுபடி வைப்பாள். கும்பகோணத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் போன் செய்தால், அப்பா வேலையாக வெளியே போயிருக்கிறார் என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். ஒருநாள் தையல் மெஷின் சத்தம் மண்டையைக் குடைகிறது என்று நான் எரிந்து விழுந்தேன். அதைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே வெளிச்சம் போதாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பாள். கட்டிலிலிருந்து பார்த்தால் அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மெஷினை முன்னால் கொண்டுவரச் சொல்ல வாய் வரவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்கு அவளைத் தஞ்சாவூர் கூட்டிப்போய்த் திரும்பினேன். பஸ் அந்தக் களத்தைத் தாண்டிப் போகும். பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்தவன், சரியாக அந்த இடம் வந்ததும் பார்த்துவிட்டேன். என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். தலையில் முக்காடு போட்டிருந்தார். சுற்றி ஏழெட்டு விவசாயிகள் நின்று ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்க, அவர் ஈரப்பத மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். களம் முழுக்க நெல் குவியல்கள். ஒவ்வொரு குவியல் மேலும் சாம்பலால் கோடு இழுத்திருந்தது. யாராவது ஒரு கை அள்ளினாலும் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும், காத்திருக்கும் விவசாயிகள் இப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள். வாங்கிய மூட்டைகளைச் சாலையோரமாகக் கிழக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். 

அந்தக் களத்தின் கிழக்குப் பக்கம் பள்ளம். பார்வைக்குத் தெரியாது. சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் பழையதைப் பெயர்க்காமல் அதன் மேலேயே போட்டு உயர்த்திவிட்டார்கள். மழை பெய்தால் சாலைத் தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் இறங்கும். வடிவதற்கு ஒரே ஒரு குழாய் உண்டு, அதையும் வைக்கோல் அடைத்துக்கொள்ளும். லோடுமேன்களுக்கு அங்கே அடுக்குவதுதான் சௌகரியம், லாரிக்குப் பக்கம், நடை குறைவு. நாளைக்கு லாரி வந்துவிடும் சார் என்பார்கள். லாரி வராது. என் முதல் சீசனில் அங்கே அடுக்க விட்டு, அடி வரிசை மூட்டையெல்லாம் முளைவிட்டு நாறியது. நஷ்டத்தை என் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். பிறகு எத்தனை கெஞ்சினாலும் நான் மேற்குப் பக்கத்தை விட்டுக் கொடுத்ததில்லை. அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. உதவியாளரும் வாட்ச்மேனும்கூடப் புதிது.

நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் மனைவி கண்ணில் மருந்து விட்டு மூடியபடி சாய்ந்திருந்தாள். அவளும் பார்க்கவில்லை.

தை கடைசியில் மழை வந்தது. வரக்கூடாத நேரத்தில் வருகிற மழை. முந்தின நாளே போனில் எல்லோரும் மழை எச்சரிக்கைப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வானம் கறுத்து, ஓட்டில் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. நான் கட்டிலில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் செத்துக் கிடந்த மனதுக்குள் ஒன்று எழுந்து உட்கார்ந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே பெய்தால் போதும் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, வாய்விட்டும் சொல்லிவிட்டேன். மனைவி தாழ்வாரத்தில் சாரல் அடிக்கிறதென்று மெஷினை உள்ளே நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"கிழக்கால அடுக்கியிருக்காங்க. இந்த மழைக்கு அடி மூட்டை பூரா நனைஞ்சிடும். அந்தப் பொண்ணைத் தூக்கிடுவாங்க. என்னைக் கூப்பிடுவாங்க."

அவள் மெஷினை விட்டுவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் குரலில் எத்தனையோ நாளுக்குப் பிறகு உயிர் இருந்தது, அது அவளுக்கும் கேட்டிருக்கும். கேட்டு அவள் சந்தோஷப்பட்டிருக்கலாம். அவளுக்கும் அந்த வேலை வேண்டும். என்னைவிட அவளுக்குத்தான் வேண்டும், மூக்கு நுனியில் கண்ணாடியோடு இருட்டில் தைப்பவள் அவள்தானே. என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பதுபோலக் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு வீட்லயும் ஒருத்தர் இப்படிப் படுத்துக் கெடக்கணுமாங்க?"

அதட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலத்தான் கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன போய்த் தண்ணீரைத் திறந்து விட்டேனா, மழையை நான் வரவழைத்தேனா, எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையே என்றெல்லாம் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டே எழுந்து, கொல்லையிலிருந்த மண்வெட்டியை எடுத்தாள். உரச் சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துக் கொங்காணி போலத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். வாசல் இறங்கிப் போய்விட்டாள். அவள் வயல் வேலை பார்த்து வளர்ந்தவள். மண்வெட்டி பிடிக்க என்னைவிட நன்றாகத் தெரியும்.

கொஞ்சநேரம் கட்டிலிலேயே இருந்தேன். களத்துக்குப் போகும் வரப்பு மழையில் வழுக்கும், கண்ணுக்கு வேறு மருந்து போட்டிருக்கிறாள் என்ற நினைப்பு வந்தது. நல்ல எண்ணம் வந்து நான் எழுந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அவள் விழுந்துவிடப் போகிறாளே என்ற பயத்தில்தான் எழுந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் அவளைப் பிடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு மண்வெட்டியை என்னிடம் கொடுத்தாள். 

களத்தில் விவசாயிகள் அவரவர் குவியலைத் தார்ப்பாயால் மூடுவதில் இருந்தார்கள். லோடுமேன்கள் மழைக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். வாட்ச்மேனும் அந்தப் பெண்ணும் மூட்டை அடுக்கின் மேல் போட்ட தார்ப்பாய் காற்றில் பறக்காமல் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே மூடினால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள், பாவம். கீழே சாலையிலிருந்து தண்ணீர் செந்நிறமாக இறங்கி, அடுக்குக்கு அடியில் போட்டிருந்த சவுக்குக் கட்டைகளைத் தொட்டுவிட்டது. இன்னும் நாலு விரல் ஏறினால் மூட்டை.

நான் யார் என்று சொல்ல நேரமில்லை. அடுக்குக்கு இந்தப் பக்கம் நீளமாக வெட்டித் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்ப வேண்டும் என்று சத்தம் போட்டேன். அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தார்ப்பாய் முனையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, எடைத் தராசுப் பக்கம் கிடந்த இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் வெட்ட வெட்ட அவர் மண்ணை வாரி அடுக்கின் பக்கம் கரையாகப் போட்டார். என் மனைவி நேராகக் குழாய்க்குப் போனாள். அடைத்திருந்த வைக்கோலையும் பிளாஸ்டிக்கையும் கையை விட்டு இழுத்து இழுத்துப் போட்டாள். ஒரு கட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார முடியாமல் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கள் குவியலை மூடி முடித்த சிலர் வந்து சேர்ந்துகொண்டார்கள். என்னைத் தெரிந்த ஒருவர் என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். எனக்கு மூச்சு வாங்கியது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த உடம்பு.

குழாய் திறந்துகொண்டபோது தண்ணீர் சுழித்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கியது. கட்டைக்கு மேல் ஏறவில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு மூட்டையாகக் குனிந்து அடியில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி மூட்டைக்குப் பிறகு அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதார். முக்காடு கழுத்தில் கிடந்தது, அதைக் கவனிக்கவில்லை. என் மனைவி போய் அதைத் தலையில் எடுத்து விட்டு, கன்னத்திலிருந்த சேற்றைத் தன் கையாலேயே துடைத்தாள். அவள் கையிலும் சேறுதான், இன்னும் கொஞ்சம் அப்பியதுதான் மிச்சம்.

அவருக்கு ஊர் அதிராம்பட்டினம். எம்.காம் படித்தவர். இரண்டு பஸ் மாறி வருகிறார். முதல் சீசன். கணவர் வளைகுடாவில் வேலை போய்த் திரும்பி வந்து வீட்டில் இருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அவள் பிறகு என்னிடம் சொன்னாள். எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் நீங்கள்தானே சார் என்று மட்டும் அவர் என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். மூட்டை நனைந்திருந்தால் யாருக்கு வேலை போய் யாருக்கு வந்திருக்கும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிப் புறப்படும்போது, போய்ட்டு வர்றேண்ணே என்றார்.

மழை தூறலாகக் குறைந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி முதலில் என்னை உட்கார வைத்துத் தலையைத் துவட்டினாள். துண்டு முகத்தை மூடியிருந்த தைரியத்தில் சொன்னேன்.

"வேலை போச்சுடி."

"எங்க இருந்துச்சு போறதுக்கு?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். துண்டுக்குள் நான் சிரித்துக்கொண்டே அழுததும் அவளுக்குத் தெரியும். துவட்டுவதை நிறுத்தாமல் தலை நன்றாகக் காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தாள். அன்று மிளகு ரசம் வைத்தாள். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு தையல் மெஷினை வாசல் அறை ஜன்னலடிக்கு நகர்த்தினேன். கனமான மெஷின். இத்தனை வருடம் அதை நகர்த்தியதெல்லாம் அவள் ஒருத்திதான்.

ஒரேயடியாகக் குணமாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் காலையிலும் உத்தரத்தைத்தான் பார்த்தேன். ஆனால் எழுந்து வாசலுக்கு வந்தேன். உரக்கடைக்காரரிடம் போய் வேலை கேட்டேன். அந்த சீசன் முழுவதும் எனக்கு ஆபீசிலிருந்து போன் வரவில்லை. அந்தப் பெண்ணின் நிலையத்தில் ஒரு மூட்டை குறையவில்லை என்று பேச்சு. பங்குனியில் கடைசி லாரி போனதும் அவரையும் விடுவித்துவிட்டார்கள்.

சித்திரையில் ஒருநாள் விடிந்தும் விடியாமல் போன் அடித்தது. அவர்தான், அன்று களத்தில் என் மனைவியிடம் நம்பர் வாங்கியிருந்தார். நல விசாரிப்பெல்லாம் முடிந்தது. பிறகு கேட்டார்.

"சீசன் இல்லாதப்ப காலையில என்னண்ணே பண்ணுவீங்க?"

இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கோஷம் போட்ட கூட்டத்தில்கூட நாங்கள் இதைப் பேசிக்கொண்டதில்லை. சம்பளம் பேசினோம், நிரந்தரம் பேசினோம், காலையில் கண் விழித்ததும் வருகிற அந்தக் கனத்தை ஒருவரும் பேசவில்லை. ஆளுக்கொரு வீட்டில் அவரவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். நான் அவரிடம் ஒளிக்கவில்லை. படுத்தே கிடந்ததைச் சொன்னேன். போர்வைக்குள் இருந்ததைச் சொன்னேன். கணக்குப் போட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மனைவி அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றுவிட்டாள். அவளிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னேன். எழுந்ததும் யோசிக்காமல் வெளியே வந்து நின்றுவிடுங்கள், தெருவில் நாலு பேர் போவதைப் பாருங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இது ஒரு யோசனையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சரிண்ணே என்றார். மறுநாள் காலையில் கூப்பிட்டு, தெருவில் நிற்பதாகச் சொன்னார். மீன் வண்டி போகிற சத்தம் போனில் கேட்டது.

அதிலிருந்து காலை போன் பழக்கமாகிவிட்டது. சில நாள் அவர் கூப்பிடுவார், சில நாள் நான். பேச்சில் விசேஷம் ஒன்றும் இருக்காது. அங்கே என்ன மீன் வந்தது, இங்கே ஆற்றில் தண்ணீர் வந்ததா, நாற்று விட்டாயிற்றா. நாற்றங்கால் பசுமையானதை நான் சொன்னால் அவர் அறுவடை எப்போது வரும் என்று கணக்குப் பார்ப்பார். ஒருநாள் கணவரையும் தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என் மனைவி போனை வாங்கிக்கொண்டால் எனக்குத் திருப்பித் தரமாட்டாள். அளவு ரவிக்கை கொடுத்தனுப்பச் சொல்லி இரண்டு தைத்தும் அனுப்பினாள்.

குறுவைக்கு ஆர்டர் போடும் சமயம் வந்தபோது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். யாருக்கு முதலில் தெரிகிறதோ அவர் மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். சுற்றியிருந்த நிலையங்களுக்கெல்லாம் ஆள் முடிவாகிவிட்டது என்று நான் விசாரித்து வைத்திருந்தேன். பாக்கி இருந்தது அந்தக் களம் ஒன்றுதான். அவரும் விசாரித்திருப்பார். நாங்கள் அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. மற்றதெல்லாம் பேசினோம்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் போன் வந்தது. காலையில்தான் பேசியிருந்தோம். அந்த நேரத்தில் அவர் கூப்பிடுவதில்லை.

"அண்ணே, ஆர்டர் போட்டுட்டாங்க. உங்க பேரு இருக்குண்ணே."

சந்தோஷம்தான் முதலில் வந்தது.  அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. அது கொஞ்சம் அடங்கியபிறகுதான் கேட்க முடிந்தது.

"உங்க பேரு இருக்காம்மா?"

"மொதல்ல அண்ணிகிட்ட போய்ச் சொல்லுங்கண்ணே" என்றார்.

ஜன்னலடியில் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததும் அவருக்கு வராததும் இரண்டும் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.  நான் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவரும் வைக்கவில்லை.

"காலையில நானே கூப்பிடுறேம்மா" என்றேன். "எழுந்ததும் வெளிய வந்து நில்லுங்க."